பாகங்களை வாங்கிப் புதிதாகப் பூட்டிய கணினி ஏன் உறைந்து நிற்கிறது?

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி உறைந்துபோனால், திரையில் இருந்த படம் அப்படியே நிற்கும், மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கும், ஒலிபெருக்கி மட்டும் பாட்டின் கடைசித் துணுக்கை வண்டு இரைவதுபோல் விடாமல் இரைத்துக்கொண்டிருக்கும். "ஹேங் ஆகிவிட்டது" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் இந்த நிலையில், கணினியின் பல பகுதிகள் தத்தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஒலிச் சில்லு, நினைவகத்தில் தனக்கென ஒதுக்கிய ஒரு சிறிய இடத்திலிருந்து தரவைத் தானே எடுத்துச் சுற்றிச் சுற்றி வாசிக்கும். அந்த இடத்தைப் புதிய தரவால் நிரப்பவேண்டிய பிராசசர் நின்றுவிட்டதால் பழைய துணுக்கே திரும்பத் திரும்ப வருகிறது. கிராபிக்ஸ் கார்டும் கடைசியாக வரையப்பட்ட படத்தையே வினாடிக்கு 60 முறை திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. நின்றுபோனது, இவற்றுக்கெல்லாம் புது வேலை கொடுக்கவேண்டிய இடம்.

அந்த இடம் முழுதாக நின்றுவிட்டதா, பாதி உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய விசைப்பலகையில் உள்ள நம் லாக் (Num Lock) விசையே போதும். அதை அழுத்தினால் எரியும் சிறுவிளக்கை விசைப்பலகை தானாக ஏற்றுவதில்லை. விசை அழுத்தப்பட்ட செய்தி இயங்குதளத்துக்குப் போய், விளக்கை ஏற்று என்ற கட்டளை அங்கிருந்து திரும்பி வந்த பிறகே விளக்கு எரிகிறது. ஆகவே உறைந்த கணினியிலும் விளக்கு மாறி மாறி எரிந்தால், இயங்குதளத்தின் அடித்தளம் இன்னும் பதில் சொல்கிறது என்று பொருள். அப்போது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் நிரலான கிராபிக்ஸ் டிரைவரையோ சேமிப்பகமான எஸ்எஸ்டியையோ சந்தேகிக்கலாம். சுட்டி நகர்ந்தும் எந்த நிரலும் திறக்காமல் ஒரு நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாகத் திறந்தால், பெரும்பாலும் சேமிப்பகமே பதில் தராமல் இழுத்தடித்திருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 129 என்ற எண்ணோடு அது குறிக்கப்பட்டிருக்கும். விளக்கு அசையவே இல்லையென்றால் சிக்கல் ஆழமானது. புதிதாகப் பூட்டிய கணினி அந்த நிலைக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது, பிராசசர் தரவை வைத்து எடுக்கும் நினைவகமான ராமைத்தான்.

காரணம் ராமின் வேகத்தில் இருக்கிறது. டிடிஆர்5-6000 என்று பெட்டியில் அச்சிட்ட ராம், ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் வினாடிக்கு 600 கோடி துணுக்குகளை (பிட்களை) அனுப்புகிறது. ஒரு துணுக்குக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே 5 செ.மீ. தூரந்தான் போகும், மதர்போர்டின் செப்புத் தடத்தில் மின்குறிப்பு ஏறத்தாழ அதில் பாதி தூரம் போகும். ராமுக்கும் பிராசசருக்கும் இடையே பல செ.மீ. இருப்பதால், முதல் துணுக்கு போய்ச் சேருமுன்பே அடுத்தடுத்த துணுக்குகள் கம்பியில் கிளம்பிவிட்டிருக்கும். எந்தக் கணத்தில் கம்பியைப் படிக்கவேண்டும் என்பதை மதர்போர்டு முதல்முறை உயிர்பெறும்போதே கம்பி கம்பியாகச் சோதித்து முடிவுசெய்கிறது. புதிய டிடிஆர்5 கணினி முதல் தடவை சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்பது இதனால்தான். பொறுமையிழந்து அணைப்பவர்கள் அந்தச் சோதனையைப் பாதியில் கலைக்கிறார்கள்.

பெட்டியில் உள்ள 6000 என்ற எண், ராமைச் செருகியதும் தானாகக் கிடைக்கும் வேகம் அன்று. கணினி உயிர்பெற்றதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாம் இயக்கினால்தான் அது வரும்; அந்த அமைப்போ, தர அளவான 1.1 வோல்ட்டை விட்டு 1.35 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தத்தில் ராமை ஓட்டும் ஓவர்கிளாக்கிங், அதாவது தர அளவை மிஞ்சிய வேகத்தில் ஓட்டுவது. ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வரிசைக்கு அந்நிறுவனம் குறித்துள்ள உச்ச வேகம் டிடிஆர்5-5200; நான்கு ராம் ஸ்டிக்குகள் செருகினால் அது 3600 ஆகக் குறைகிறது. ஒரே தடத்தில் இரண்டு ஸ்டிக்குகள் தொங்கும்போது மின்குறிப்பு கிளைபிரிந்து எதிரொலித்து மங்குவதே இந்த இறக்கத்துக்குக் காரணம். டிடிஆர்5 சில்லுகள் தமக்குள் நேரும் ஒற்றைத் துணுக்குப் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் சில்லை விட்டு வெளியேறிக் கம்பியில் போகும் வழியில் நேரும் பிழையை அந்தத் திருத்தம் பார்ப்பதே இல்லை. அப்படி மாறிய ஒரு துணுக்கு படத்தின் ஒரு புள்ளியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது; ஒரு வேலை முடியும்வரை அடுத்ததைத் தடுத்துவைக்கும் அடையாளத்தைப் பூட்டு என்பார்கள்; "இந்தப் பூட்டு திறந்திருக்கிறது" என்று இயங்குதளம் குறித்துவைத்த இடத்தில் விழுந்தால், திறக்கவே போகாத பூட்டின் முன் பிராசசர் காத்துக்கிடக்கும்.

சும்மா இருக்கும்போது மட்டும் உறைவது தனி இனம். 2017இல் வெளிவந்த முதல் தலைமுறை ரைசன் கணினிகளில், லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிய பலர், விடிய விடியக் கடும் வேலை செய்த கணினி வேலையில்லாத நேரத்தில் உறைவதைக் கண்டு குழம்பினார்கள். வேலையற்ற பிராசசர் ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போகும்போது மின்னோட்டம் மிகவும் தாழ்ந்துவிடும்; சில பவர் சப்ளைகளால் அந்தத் தாழ்ந்த அளவில் நிலையாக நிற்க முடிவதில்லை. அதற்காகவே, உறக்கத்திலும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திவைக்கும் தெரிவு பயாஸில் சேர்க்கப்பட்டது. வெப்பத்தை எல்லாரும் முதலில் குற்றம் சொல்வார்கள். எனக்கு அது கடைசிச் சந்தேகம். 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் இன்றைய பிராசசர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். உறைந்து நிற்பது அரிது.

பூட்டியவர் மீது தவறே இல்லாத சில சந்தர்ப்பங்களும் உண்டு. 2022இல் சில ரைசன் கணினிகள் அவ்வப்போது ஒரு கணம் திக்கியதற்கு, பாதுகாப்புப் பகுதியான எஃப்டிபிஎம், பயாஸ் சில்லோடு நடத்திய நீண்ட உரையாடலே காரணம் என்று ஏஎம்டி ஒப்புக்கொண்டு, புதிய பயாஸ் மூலம் சரிசெய்தது. 2024இல் இன்டெல், தன் 13ஆம், 14ஆம் தலைமுறை பிராசசர்கள் சில தேவைக்கு மிஞ்சிய வோல்ட்டைக் கேட்டுத் தம்மையே கெடுத்துக்கொள்வதாக அறிவித்து, பிராசசருக்குள் ஓடும், பயாஸோடு வரும் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடைத் திருத்தியதோடு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. புதுக் கணினியில் பயாஸைப் புதுப்பித்த பிறகே மற்றச் சோதனைகளைத் தொடங்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் அக்கா மகன் சென்ற ஆண்டு பூட்டிய கணினி, நாளைக்கு இரண்டு முறை உறைந்தது. நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்ற வரியைப் பார்த்து, பவர் சப்ளைதான் கோளாறு என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினான், உறைவது நிற்கவில்லை. அந்த வரி சொல்வது, முந்தைய முறை கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. உறைந்த கணினியைப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தது அவன்தான். இயங்குதளமே இல்லாமல் பென் டிரைவிலிருந்து ஓடி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவில் ஓடவிட்டோம். காலையில் திரையில் 11 பிழைகள் சிவப்பாக நின்றன. அதிலிருந்தே ராம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. சரியாக அமராத ஸ்டிக், குளிர்விப்பானின் ஸ்க்ரூவை ஒருபக்கமாக முறுக்கியதால் பிராசசர் அமரும் சாக்கெட்டில் தொடாமல் போன முனை, தாங்கமுடியாத வேகம் ஆகிய எல்லாமே அங்கே ஒரே சிவப்பாகத்தான் தெரியும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். எக்ஸ்போவை அணைத்து ஓட்டியபோது பிழை ஒன்றுகூட வரவில்லை. அவன் நான்கு இடங்களிலும் ஸ்டிக் செருகியிருந்தான். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் இருந்தவற்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கழற்றி, மீண்டும் எக்ஸ்போவை இயக்கி இரண்டு இரவுகள் ஓட்டினோம். பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. கழற்றிய இரண்டு ஸ்டிக்குகளையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பழைய பவர் சப்ளையோடு அவை அவன் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.