டெங்கு: காய்ச்சல் விட்ட அந்த இரண்டு நாள்

டெங்குவில் காய்ச்சல் கொதிக்கும் நாட்களைவிட, அது தணிந்த பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்து. பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் இது வந்துவிடும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். ரத்தம் கெட்டிப்பட்டு நாடி தளரும்.

உடம்பு குளிர்ந்ததும் தினக்கூலிக்காரர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். சம்பளத்தோடு விடுப்பு கிடைப்பவர் அதே இரண்டு நாளையும் தினசரி ரத்தப் பரிசோதனையோடு படுக்கையில் கழிக்கிறார். தீவிர டெங்குவுக்குச் சிகிச்சையே கிடைக்காவிட்டால் நூற்றுக்கு 20 பேர் வரை இறக்கலாம்; உரிய நேரத்தில், உரிய அளவில் சலைன் ஏற்றினால் அது நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே குறைகிறது. இத்தனை எளிய மருந்து கைக்கு எட்டாமல் உயிர் போவதை ஏற்கவே முடியாது.

தட்டணு (பிளேட்லெட்) குறைந்துவிட்டது என்று கடன் வாங்கி அலைகிறார்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்றுவதில் பலனில்லை. கவனிக்க வேண்டியது பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. அது 38இலிருந்து 46க்கு ஏறினால் உயர்வு 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, கசிவு நடக்கிறது என்று பொருள். ஆனால் முதல் மூன்று நாளுக்குள் ஒருமுறை எடுத்து வைக்காதவருக்கு அந்த 46ஐ எதோடு ஒப்பிடுவது? தாமதமாக வரும் ஏழை நோயாளி இங்கேதான் அடிபடுகிறார்.

பரிசோதனைக்கு வழியில்லாத வீட்டில் சிறுநீரைக் கவனியுங்கள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இளஞ்சிவப்பு திரும்ப 2 விநாடிக்கு மேல் எடுத்தாலோ, கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது இவற்றில் ஒன்று இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ். நல்லது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில். ஐபுபுரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் கூடாது. வலிக்குப் போடும் ஊசியிலும் இவை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைகளுக்கு: காய்ச்சல் பிரிவு மாலையிலும் இயங்கட்டும். சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் பி.சி.வி. அளவையும் எழுதிக் கொடுங்கள். தனியாக வசிப்பவரையும் நம்பகமான வண்டி வசதியின்றித் தொலைவில் இருப்பவரையும், நோய் லேசாக இருந்தாலும், உள்நோயாளியாகச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலே சொல்கிறது. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ராத்திரி மோசமானால் உங்களை யார், எதில் கூட்டி வருவார்கள்?” பதில் இல்லையென்றால் அவருக்கு ஒரு படுக்கை கொடுங்கள்.