உறக்கம் தெளியாமல் வண்டி எடுக்காதீர்கள்

"நல்லா உறங்கிட்டுத்தான் வண்டி எடுத்தேன் டாக்டரே" என்றார் டிரைவர், நான் அவர் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது. திருவனந்தபுரம் ஏர்போர்ட் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்து இரண்டு மணி நேர உறக்கம். துபாயிலிருந்து வந்தவர் "வெளிய வந்தாச்சு" என்று போன் செய்ததும் துள்ளி எழுந்து வண்டியை எடுத்தவர், கரமனை தாண்டுவதற்குள் மீடியனில் ஏற்றிவிட்டார். மார்த்தாண்டத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்த விடிகாலைக் கதை பழகிப்போனது.

அவருக்கு மங்களூர் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. 166 பேரில் 8 பேர்தான் பிழைத்தார்கள். விசாரணையில் விமானி அறை ஒலிப்பதிவைக் கேட்டபோது அதில் குறட்டைச் சத்தம்! கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருக்கிறார். எழுந்தபின் விமானம் இருக்கவேண்டியதைவிட மிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது. துணை விமானி மூன்று முறை "கோ அரவுண்ட்", அதாவது இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்கிறார். எச்சரிக்கைக் கருவியும் கத்துகிறது. கேப்டன் கேட்கவில்லை. சுமார் 8000 அடி ஓடுபாதையில் 5200 அடி தாண்டித்தான் சக்கரமே தரையைத் தொட்டது, அப்புறம் பள்ளம். அன்று அங்கே ரேடார் வேலை செய்யாததும் ஒரு காரணம், பழி முழுவதையும் உறக்கத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் கேப்டனின் தீர்மானம் பிசகியதற்கு அந்த நீண்ட உறக்கத்தின் மந்தம் துணைபோயிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை.

நாங்கள் இதை ஸ்லீப் இனர்ஷியா என்போம். "உறக்கம் தெளியல" என்று வீட்டில் சொல்வார்களே, அதேதான். கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், முடிவெடுக்கும் மூளை மட்டும் பின்னால் வந்துகொண்டிருக்கும். பொதுவாக 15 முதல் 30 நிமிடம், ஆழ்ந்த உறக்கத்தில் எழுப்பினால் இன்னும் கூட. எழுந்ததும் ஒரு சாயா குடித்தால் போதும் என்கிறார்கள். அது வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகலாம்.

"அப்போ உறங்கவே கூடாதா டாக்டரே?"

உறங்குங்கள். ஆனால் வெளியே வந்தவரின் போனுக்குக் காத்திருக்காமல், விமானம் இறங்கும் நேரத்துக்கே அலாரம் வைத்துவிடுங்கள். இமிகிரேஷன், பெட்டி என்று அவர் வெளியே வர எப்படியும் நேரமாகும், அதற்குள் முகம் கழுவி நாலு நடை நடந்துவிடலாம்.