கல்லாச் சாவி உங்களிடம், பெயரின் சாவி யாரிடம்?

கொங்குப் பகுதியில் ஏழு கிளைகள் நடத்தும் ஓர் உணவகக் குடும்பத்தார் சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்தார்கள். விளம்பரத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. விடை சொல்வதற்கு முன் கடையின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அவர்களுடைய மூத்த கிளையை, ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று கூகுள் மேப் காட்டியது. அதே நேரத்தில் அந்தக் கிளையின் கல்லாவில் பெரியவர் அமர்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். வேலையை விட்டு எப்போதோ போய்விட்ட ஒரு மேலாளர் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய பக்கம் அது. கடவுச்சொல் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. உரிமை கோரி விண்ணப்பித்து, பெயர்ப்பலகையையும் சமையலறையையும் வீடியோ எடுத்து அனுப்பி, அந்தப் பக்கத்தை மீட்கும்வரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம் என்று சொன்னேன். மூடிய கடை என்று காட்டும் பக்கத்துக்குக் காசு கொடுத்து ஆள் அனுப்புவதில் பொருளில்லை.

குடும்ப உணவகங்களுக்கு டிஜிட்டல் சந்தைப்படுத்தலில் ஆலோசனை சொல்வது என் தொழில். இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது, சிறிய வேறுபாடுகளோடு, நான் போகும் ஊர்களிலெல்லாம் நேர்கிறது. கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கும் முதலாளிகள், கடையின் பெயரையும் முகவரியையும் வாடிக்கையாளரின் தொடர்பையும் பிறர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையை வைத்து மக்கள் அதைத் தலப்பாக்கட்டி கடை என்று அழைத்தார்கள். காலப்போக்கில் மக்கள் வைத்த பெயரே வணிகப் பெயரானது, அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. உங்கள் கடைக்கும் மக்கள் வாயில் வழங்கும் பெயர் ஒன்று இருக்கும். தேடுபொறியில் அதைத்தான் தட்டச்சு செய்வார்கள். பலகையில் உள்ள பெயரோடு அந்தப் பெயரையும் வணிகச் சின்னங்கள் சட்டம், 1999இன் கீழ், உணவகச் சேவைக்குரிய 43ஆம் வகுப்பில் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று தந்தையின் பெயரை எழுதுவதா, கூட்டு நிறுவனத்தின் பெயரை எழுதுவதா என்பதைக் குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். அண்ணன் தம்பிகள் கிளைகளைப் பிரித்துக்கொள்ளும்போது கட்டடத்தையும் பாத்திரத்தையும் எழுதிப் பிரிக்கிறார்கள், பெயரை மட்டும் வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு, அண்ணன் கடையில் புளித்துப்போன சாம்பாரைச் சாப்பிட்டவர் தம்பி கடையின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இரண்டும் ஒரே கடைதான்.

அடுத்தது டெலிவரி செயலிகள். 300 ரூபாய் ஆர்டர் ஒன்றுக்குக் கமிஷன் 22 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 66 ரூபாய் போகிறது. அந்தக் கமிஷன் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது ஏறத்தாழ 12 ரூபாய், உண்டு. 5 சதவீத வரியில் இயங்கும் உணவகம் உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, திரும்பப் பெற முடியாது என்பதால், அந்த 12 ரூபாயும் செலவாகவே நிற்கிறது. இதற்கு மேல் தள்ளுபடியில் உங்கள் பங்கும் பார்சல் டப்பாவின் விலையும் சேர்கின்றன. இவ்வளவு கொடுத்தும், சாப்பிட்டவரின் தொலைபேசி எண் பொதுவாக உங்களுக்குக் கிடைப்பதில்லை. செயலிகளின் நடைமுறைகள் குறித்துத் தேசிய உணவக சங்கம் கொடுத்த புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்டது. இருந்தாலும் செயலியை விட்டு வெளியேறுங்கள் என்று நான் எவருக்கும் சொல்வதில்லை. புதிதாக ஒருவர் உங்களைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. அவரே இரண்டாம் முறை வாங்கும்போது நேரடியாக உங்களை அழைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பார்சலிலும் கடையின் வாட்ஸ்அப் எண் அச்சிட்ட சிறு அட்டை ஒன்று போதும், செயலியுடனான ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எண்ணைத் தருபவரிடம் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி அனுமதி பெறுவது மரியாதை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

செயலியில் எதை விற்பது என்பதைச் சமையலறையைக் கவனிக்கும் சரக்கு மாஸ்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நெய் ரோஸ்ட் அரை மணி நேரம் டப்பாவுக்குள் இருந்தால் துவண்டுவிடும்; பூரி அதைவிட மோசம். இட்லி, பொங்கல், பிரியாணி ஆகியவை பயணத்தைத் தாங்குகின்றன. மேற்சொன்ன குடும்பத்தின் மெனுவில் இருந்த 94 வகைகளைச் செயலியில் 31ஆகக் குறைத்தோம். முறுகல் தோசையை நீக்க மாஸ்டர் முதலில் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் அவருடைய வீட்டுக்கே அதை ஆர்டர் செய்து அனுப்பினோம். மறுநாள் காலையில் அவரே பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்.

விமர்சனங்களைப் பற்றி ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் நூறை விலைக்குத் தருகிறோம் என்று வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அவ்வாறு வாங்குவதும், விமர்சனம் எழுதினால் ஒரு காபி இலவசம் என்று அறிவிப்பதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானவை. இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே வெளியிட்டிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு வீடியோ போடுபவர்களும் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பாராட்டுக்கு நன்றி சொல்வதைவிடப் புகாருக்குப் பதில் எழுதுவது முக்கியம், அதையும் எங்களைப் போன்ற நிறுவனங்களிடம் விடாதீர்கள். நாங்கள் எழுதினால் எல்லாப் பதில்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். சாப்பிட்டவர் தமிழில் எழுதியிருந்தால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். என்ன தவறு நடந்தது, எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரியில் சொன்னால் போதும்.

அந்தக் குடும்பத்தில் இப்போது பெரியவரின் மகள் இரவு பத்து மணிக்கு அன்றைய விமர்சனங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறார். அவர் சொல்லச் சொல்ல மகள் பதில் எழுதுகிறார். ஏழு கிளைகளின் பக்கங்களும் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டன. கடவுச்சொற்கள் எழுதிய நோட்டு கல்லாப்பெட்டியின் உள்ளறையில் இருக்கிறது. பெயருக்கான உடன்படிக்கையில் பெரியவரின் தம்பி மட்டும் இன்னும் கையெழுத்திடவில்லை. அதற்காக வரும் ஆவணியில் எல்லோரும் கூடுவதாக இருக்கிறார்கள்.