லிமிடெட் எடிஷன்: ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ வேண்டாம், ‘வரம்புப் பதிப்பு’ போதும்

குறிப்பிட்ட எண்ணிக்கையிலோ குறிப்பிட்ட காலத்துக்கோ மட்டும் விற்கும் பொருளை ஆங்கிலத்தில் லிமிடெட் எடிஷன் என்கிறார்கள். தமிழில் அது கைப்பேசிக்கு ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’, பைக்குக்கு ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’, கைக்கடிகாரத்துக்கும் அதே. இப்போது இசைத்தட்டுக்கும் வந்துவிட்டது. செய்தியில், கடைப் பக்கத்தில், தட்டு உறையைப் பிரித்துக் காட்டும் காணொளியில் எல்லாம் இந்த ஒரே தொடரைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிற்று. மற்றப் பொருள்களை விடுங்கள். இசைத்தட்டு சேர்ப்பவர் இந்த இரண்டு சொல்லை நம்பித்தான் சாதாரணத் தட்டின் விலைக்கு மேல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கொடுக்கிறார். அவருக்குச் சொல் தெளிவாக இருந்தாக வேண்டும்.

முதலில் வேர். ‘லிமிட்’ லத்தீனின் ‘லீமெஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வயலுக்கும் வயலுக்கும் நடுவே உள்ள எல்லை என்பது அதன் பொருள். ‘எடிஷன்’ வெளியே கொடுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. வயலின் எல்லைக்கு நம்மிடம் இருக்கும் சொல் வரம்பு. தமிழ்நாட்டில் வரப்பு என்கிறோம், இலங்கையில் இன்றும் வரம்பு என்றே சொல்கிறார்கள். இரண்டு மொழியும் வயலில் தொடங்கி ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வயது வரம்பு, வருமான வரம்பு, காலவரம்பு என்று அரசு அறிவிப்பு முதல் பேச்சு வரை புழங்கும் சொல் இது. வேலை விண்ணப்பத்தில் யாராவது ‘வரையறுக்கப்பட்ட வயது’ என்று எழுதுகிறார்களா? அங்கே கைக்கு வரும் சொல் இசைத்தட்டுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

‘வரையறு’ நல்ல தமிழ்ச் சொல்தான். வரை என்றால் கோடு, எல்லை. எல்லையைத் தீர்மானிப்பது வரையறுத்தல். ஆனால் இன்றைய வழக்கில் வரையறை என்றதும் நினைவுக்கு வருவது ஒரு சொல்லுக்கோ கோட்பாட்டுக்கோ தரும் விளக்கம். முக்கோணத்தை வரையறு, வறுமையை வரையறு என்கிறோம். ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று படிக்கிறவருக்கு, யாரோ விளக்கம் எழுதிக் கொடுத்த பதிப்பு என்றுதான் முதலில் தோன்றும். ஆங்கிலத் தொடரை மனத்துக்குள் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகே பொருள் பிடிபடுகிறது. ஆங்கிலம் தெரிந்தால்தான் புரியும் தமிழ்த் தொடரால் ஆங்கிலம் தெரியாதவருக்கு என்ன பயன்?

இது கம்பெனிப் பெயர்ப் பலகையிலிருந்து இங்கே இறங்கியது என்றே நினைக்கிறேன். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் வரும் ‘லிமிடெட்’டை ‘வரையறுக்கப்பட்ட’ என்று எழுதுவது, குறிப்பாக இலங்கையில், நெடுநாளைய வழக்கம். அங்கே எல்லை கட்டப்படுவது பங்குதாரரின் பொறுப்பு. கம்பெனி நொடித்தால் பங்குக்குப் போட்ட பணத்துக்கு மேல் அவர் கையைவிட்டுக் கட்ட வேண்டியதில்லை. சட்டத்தில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. அதை அப்படியே பெயர்த்து இசைத்தட்டின் மேல் ஒட்டியவர், இங்கே எல்லை கட்டப்படுவது எது என்று ஒரு நொடியும் யோசிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

ஏனென்றால் இசைத்தட்டில் அந்த ‘எது’ பல வகை. 1988 நவம்பரில் அமெரிக்காவின் சப் பாப் நிறுவனம் நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் சிங்கிள் தட்டை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டை, வெளியிட்டது. 1000 பிரதி, ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண். அதை வாங்கியவருக்குத் தன் கையில் இருப்பது ஆயிரத்தில் ஒன்று என்பது தெரியும். இன்று அந்தத் தட்டு ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. இது எண்ணுக்குப் போட்ட வரம்பு.

2020இல் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஃபோக்லோர்’ ஆல்பம் எட்டு வெவ்வேறு அட்டைகளோடு ஒரு வாரத்துக்கு மட்டும் என்று விற்பனைக்கு வந்தது. இது நாளுக்குப் போட்ட வரம்பு. இந்த மாதிரி விற்பனையில், அந்த வாரத்தில் எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும் அச்சடித்துக் கொடுக்க முடியும். ஆயிரம் பேரும் வாங்கியிருக்கலாம், லட்சம் பேரும் வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது வகை வண்ணம். நீலத் தட்டு மட்டும் வரம்புக்குள், அதே பாட்டுகள் கறுப்புத் தட்டில் எப்போதும் கிடைக்கும். 2022இல் வந்த டெய்லர் ஸ்விஃப்டின் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பத்துக்கு நான்கு வண்ணத் தட்டுகள். நான்கின் பின்னட்டைகளையும் சேர்த்து வைத்தால் ஒரு கடிகார முகம் வரும். நான்கிலும் பாட்டு ஒன்றுதான்.

பெரிய நிறுவனங்களைச் சேராத தனி இசைத்தட்டுக் கடைகளுக்காக அமெரிக்காவில் 2008 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு விற்பனை நாளான ரெக்கார்ட் ஸ்டோர் டே இந்த வேறுபாட்டைத் தன் பட்டியலிலேயே காட்டுகிறது. அந்த நாளுக்கென்றே வருபவை ஒரு வகை. அன்று தனிக் கடைகளுக்கு முதலில் வந்து, பின்னால் மற்ற இடங்களிலும் கிடைக்கக்கூடியவை இன்னொரு வகை. மிகக் குறைந்த பிரதியில், அல்லது ஒரு வட்டாரத்தை மனத்தில் வைத்து வருபவை மூன்றாவது. மூன்றையும் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்ற ஒரே தொடரில் அடைத்துவிட்டால், பின்னால் எங்கும் கிடைக்கப்போகும் தட்டுக்கு ஒருவர் விடியற்காலை வரிசையில் நிற்பார்.

ஆகவே என் பரிந்துரை இது. பொதுச் சொல் வரம்புப் பதிப்பு. எண்ணிக்கையில் எல்லை என்றால் எண்வரம்புப் பதிப்பு. விற்கும் நாளில் எல்லை என்றால் காலவரம்புப் பதிப்பு. வண்ணத்தில் மட்டும் என்றால் அதைச் சுற்றி வளைக்காமல் ‘நீலத் தட்டு 500 மட்டும்’ என்று எழுதிவிடலாம். ‘மட்டும்’ என்ற சின்னச் சொல் பெரிய வேலை செய்யும்.

வேறு சில ஆக்கங்களும் உலவுகின்றன. ‘மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு’ அவற்றில் ஒன்று. காய்ச்சல் மட்டுப்படும், கோபத்தை மட்டுப்படுத்தலாம். இசைத்தட்டை மட்டுப்படுத்தினால் அதன் தரத்தைக் குறைத்ததாகத்தான் காதில் விழும். ‘சிறப்புப் பதிப்பு’ என்பதை ஸ்பெஷல் எடிஷனுக்கு விட்டுவிடுவோம். கூடுதல் பாட்டோ படப் புத்தகமோ சேர்ந்து வரும் அந்தப் பதிப்பைக் காலத்துக்கும் அச்சடிக்கலாம்.

‘எண்ணிடப்பட்ட பதிப்பு’ என்பதற்கு ஆதரவாளர்கள் அதிகம். அது எங்கே சறுக்குகிறது என்பதற்கு 1968இல் வந்த பீட்டில்ஸ் குழுவின் வெள்ளை ஆல்பமே சாட்சி. ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற ஓவியர் வடிவமைத்த அந்த வெற்று வெள்ளை உறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் அடித்தார்கள். எண் பல லட்சத்தைத் தாண்டி ஓடியது. எண் இருந்தது, வரம்பு இல்லை. அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த 0000001 என்ற பிரதி 2015இல் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது வேறு கதை. அங்கே விலை போனது அந்த ஒற்றை எண்ணும் அதை வைத்திருந்தவர் பெயரும்.

‘அரிய பதிப்பு’ என்பதும் பொருந்தாது. 1977இல் இங்கிலாந்தின் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் ‘காட் சேவ் த குயின்’ தட்டை ஏ அண்ட் எம் நிறுவனம் ஏறத்தாழ 25,000 பிரதி அச்சடித்தது. ஒப்பந்தம் சில நாளில் முறிந்து, அநேகமாக எல்லாத் தட்டையும் அழித்துவிட்டார்கள். தப்பிய சில இன்று அரியவை. அவற்றைக் குறைவாக அச்சடிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. எக்கோ நிறுவனம் எண்பதுகளில் வெளியிட்ட இளையராஜா தட்டுகளும் அப்படித்தான். அன்று கடையில் சாதாரணமாக விற்றவை, இன்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. அருமை காலத்தால் வருவது, வரம்பு வெளியிடுபவர் முன்கூட்டியே போடுவது.

‘பதிப்பு’ புத்தகத்துக்குத்தானே, தட்டுக்கு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. பதித்தல் என்ற வினை தட்டுக்கே கூடுதலாகப் பொருந்தும். சூடேறிய பிளாஸ்டிக் உருண்டையை இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். பாட்டின் வரிப்பள்ளங்கள் அதில் பதிந்துவிடுகின்றன. அச்சு தேய்ந்தால் புதிதாகச் செய்ய வேண்டும். பிரதி வடசொல், ‘படி’ என்றே எழுத வேண்டும் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. ‘500 படி’ என்றால் நெல் அளக்கிற நினைவுதான் வருகிறது. தெளிவுக்குப் பிரதி உதவுகிறது, இருக்கட்டும்.

சரி, வாங்கலாமா? எண்வரம்புப் பதிப்பில் எண்ணை வெளிப்படையாகச் சொல்லியிருந்து, அதிலுள்ள இசை வேறு எங்கும் கிடைக்காது என்றால், ரசிகருக்கும் சேகரிப்பவருக்கும் அது தகும். எண் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பல ஆலைகளில் குறைந்தபட்ச ஆர்டரே சில நூறு தட்டுதான். சின்னக் குழு ஒன்று 300 அடித்தால் அது அவர்களுடைய முழு விற்பனையாகவே இருக்கலாம். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன், பிடித்த குழுவென்றால் தாராளமாக வாங்குங்கள். காலவரம்புப் பதிப்பைப் பாட்டுக்காக வாங்கலாம், பின்னால் விலை ஏறும் என்று வாங்கக் கூடாது. வண்ணத்துக்காக ஒரே ஆல்பத்தை நான்கு முறை வாங்கச் சொல்வது ரசிகரின் அன்பைச் சுரண்டுவது. அதில் எனக்கு ஐயமே இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் என் குறை இந்தச் சொல்லோடு முடியவில்லை. வரையறுக்கப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட, மறுசீரமைக்கப்பட்ட, மேம்படுத்தப்பட்ட என்று எல்லாம் ‘பட்ட’தாகவே வருகிறது. யார் செய்தார், எதைச் செய்தார், எத்தனை செய்தார் என்ற மூன்றையும் இந்த ‘பட்ட’ மறைத்துவிடுகிறது. ரீமாஸ்டரைப் ‘புதுப்பிக்கப்பட்ட பாடல்’ என்று எழுதினால் பாடகரே மறுபடி பாடியதாகப் பொருள் வருகிறது. ‘பழைய ஒலிப்பதிவு, ஒலி சீர்செய்தது’ என்றால் யாருக்கும் புரியும். விளம்பரம் தெளிவாக இருப்பது விற்பவருக்கு வேண்டாததாக இருக்கலாம், மொழிபெயர்ப்பவர் அவருக்குத் துணைபோக வேண்டியதில்லை. மூலத்தில் எண் இருந்தால் எண்ணை எழுதுங்கள், நாள் இருந்தால் நாளை எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் வெறும் லிமிடெட் என்று மட்டும் இருந்தால், ‘வரம்புப் பதிப்பு என்கிறார்கள், எத்தனை பிரதி என்று அறிவிக்கவில்லை’ என்று எழுதுங்கள்.