வளவில் இடம் இருக்கிறது, வாசல்தான் ஒன்று

போன தை மாதம் ஊருக்கு வரும் வழியில், ஒரு ஜங்ஷனுக்கு வெளியே எங்கள் ரயில் நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் ஊர்ந்து ஊர்ந்து ஸ்டேஷனை விட்டு வெளியே போனது. கொஞ்ச நேரம் கழித்து எதிர்ப்பக்கமிருந்து ஒரு பாசஞ்சர் உள்ளே நுழைந்தது. நாங்கள் மட்டும் அவுட்டரிலேயே கிடந்தோம். பிளாட்பாரத்து விளக்குகள் ஜன்னலிலிருந்தே தெரிந்தன, இரண்டு பிளாட்பாரம் காலியாக இருந்ததும் தெரிந்தது.

எதிர் சீட்டில் தேவகோட்டைக்குப் போகும் ஆச்சி ஒருவர். "ஏன் தம்பி, அங்கதான் எடம் சும்மா கெடக்கே, உள்ள விட்டா என்ன இவுகளுக்கு?" என்று கேட்டார்.

"சிக்னல் கெடைக்கல ஆச்சி" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. சிக்னல் ஏன் கிடைக்கவில்லை என்பதல்லவா கேள்வி? அன்றிலிருந்து விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வளவு வீட்டில் நடக்கும் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பைத் தாண்டினால் வளவு, அதாவது நடுமுற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள், அப்புறம் இரண்டாம் கட்டு. நூறு பேர் தங்கலாம். ஆனால் முகப்பிலிருந்து வளவுக்குள் போக நிலைவாசல் ஒன்றுதான். தாம்பூலத் தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வருகிற அதே நேரத்தில், சாப்பிட்டு முடித்த ஒரு பந்தி அதே வாசல் வழியாக வெளியே வருகிறது. உள்ளே அறைகள் காலி, முகப்பிலோ கூட்டம் நெரிகிறது. இன்னும் நான்கு அறை கட்டினால் இந்த நெரிசல் தீருமா?

ரயில் நிலையமும் இப்படித்தான். பிளாட்பாரங்கள் அறைகள். வெளியிலிருந்து வரும் ஒன்றிரண்டு தண்டவாளங்கள் ஐந்தாறாகப் பிரியும் இடம்தான் நிலைவாசல். ஸ்டேஷனின் முகப்பைப் புதுப்பித்து, லிஃப்ட் வைத்து, கூரை போடுவதெல்லாம் பயணிகளுக்குத் தேவையான வேலைகள்தான். அம்ருத் பாரத் திட்டத்தில் காரைக்குடி ஸ்டேஷனும் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு ஸ்டேஷன் மணிக்கு எத்தனை ரயிலை வாங்கி அனுப்பும் என்பதை அந்த வாசல்தான் தீர்மானிக்கிறது. செய்தித்தாளில் "யார்டு மறுசீரமைப்புப் பணி காரணமாக ரயில்கள் பகுதி ரத்து" என்று வருமே, ஸ்டேஷனைச் சேர்ந்த தண்டவாளத் தொகுப்பைத்தான் யார்டு என்கிறார்கள். அந்தப் பணி நடப்பது பெரும்பாலும் இந்த வாசலில்தான்.

நம் காரைக்குடி ஜங்ஷனையே எடுத்துக்கொள்வோம். வடக்கே திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் வழியாக ஒரு பாதை வருகிறது. திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வழியாக இன்னொன்று. தெற்கே தேவகோட்டை ரோடு, கல்லல், சிவகங்கை வழியாக மானாமதுரைக்கு மூன்றாவது. மூன்றும் ஒற்றைப் பாதைகள். சென்னையிலிருந்து வரும் பல்லவன் இங்கேயே முடிந்து இங்கிருந்தே திரும்புகிறது. சேது, சிலம்பு போன்றவை கடந்து போகின்றன. திருவாரூர் பாதை மீட்டர் கேஜாக இருந்து 2012-இல் மூடப்பட்டது. அகலப் பாதையாகி 2018-இல் பட்டுக்கோட்டை வரையும், 2019-இல் திருவாரூர் வரையும் திறந்தது. திறந்த புதிதில் கேட் கீப்பர்கள் போதாமல், ரயிலிலேயே ஆட்கள் வந்து ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். 150 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது, தாம்பரத்திலிருந்து திருவாரூர் வழியாக ராமேஸ்வரம் போகும் ரயிலும் இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பேச்சுக்கு, திருவாரூர் ரயில் கிழக்கேயிருந்து வருகிறது, அதற்கு மேற்கு ஓரத்துப் பிளாட்பாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது திருச்சிப் பாதையை வெட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும். அந்தச் சில நிமிஷங்களுக்குத் திருச்சிப் பக்கம் எதுவும் போகவும் முடியாது, வரவும் முடியாது.

எத்தனை நிமிஷம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பெட்டி ரயில், பெட்டிக்கு 24 மீட்டர், எஞ்சினையும் சேர்த்தால் சுமார் 600 மீட்டர். வாசல் பகுதி 300 மீட்டர் என்று வைத்தால், கடைசிப் பெட்டி தாண்ட ரயில் 900 மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 216 விநாடி, அதாவது மூன்றரை நிமிஷத்துக்கும் மேல். 30 கிலோமீட்டரில் போனால் 108 விநாடி. ஒரு பிளாட்பாரம்கூடப் புதிதாகக் கட்டாமல் வாசல் இரண்டு மடங்கு சுறுசுறுப்பாகிவிடுகிறது.

சரி, 15 என்ற கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? பாயிண்டிலிருந்து. இரண்டு பாதை பிரியும் இடத்தில் கத்தி முனைபோல் சீவிய இரண்டு தண்டவாளங்கள் இருக்கும். அவைதான் இடமோ வலமோ நகர்ந்து ரயிலைத் திருப்புகின்றன. எவ்வளவு கூர்மையாகத் திருப்புகின்றன என்பதை ஒரு விகிதத்தில் சொல்வார்கள். எட்டரைக்கு ஒன்று என்றால் எட்டரை மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் விலகும், பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு மீட்டரில் ஒரு மீட்டர். முதல் வகையின் வளைவு ஆரம் சுமார் 232 மீட்டர், இரண்டாவதில் சுமார் 441 மீட்டர்.

வெளிப்பாதை வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்தி ரயிலை உள்பக்கமாகச் சாய்த்துவிடுவார்கள். சைக்கிளில் திரும்பும்போது நாம் சாய்கிறோமே, அதே காரணத்துக்காக. பாயிண்டில் அந்த வசதி கிடையாது. நேர்ப்பாதையும் வளைவுப்பாதையும் ஒரே ஸ்லீப்பர்களின் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளின்) மேல் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றை உயர்த்தினால் மற்றது கெட்டுவிடும். அதனால் பக்கவாட்டுத் தள்ளல் முழுவதையும் சக்கர விளிம்பும் தண்டவாளமும்தான் தாங்குகின்றன. அந்தத் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், ஆரம் கூடினால் குறையும். இந்திய ரயில்வேயில் எட்டரைக்கு ஒன்றில் பொதுவாக 10 அல்லது 15 கிலோமீட்டர், வளைந்த முனையுள்ள பன்னிரண்டுக்கு ஒன்றில் 30 கிலோமீட்டர் அனுமதிக்கிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டியதுதானே? இங்கேதான் இடப்பிரச்சினை வருகிறது. எட்டரைக்கு ஒன்று சுமார் 28 மீட்டர் நீளம், பன்னிரண்டுக்கு ஒன்று சுமார் 40 மீட்டர். வரிசையாக ஐந்தாறு பாயிண்ட் போட்டால் வாசல் அறுபது எழுபது மீட்டர் நீண்டுவிடும். ஒரு பக்கம் பிளாட்பாரம், மறுபக்கம் லெவல் கிராஸிங்கோ பாலமோ நிற்கும். பாயிண்டை மாற்றப் போனால் கேட்டை மூடி மேம்பாலம் கட்ட வேண்டியிருப்பதும், ஒரு வேலை பத்து வேலையாவதும் இதனால்தான்.

ரயில் யார்டுக்குள் நுழையும்போது கேட்கும் "தடக் தடக்" சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சக்கர விளிம்பு போவதற்கு ஒரு இடைவெளி விட்டாக வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் அதைத் தாண்டும்போது ஒரு சம்மட்டி அடி விழுகிறது. அந்த இடத்துக்கு மாங்கனீஸ் கலந்த எஃகில் வார்த்த கிராஸிங் போடுகிறார்கள். அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் உலோகம் அது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அடுத்து, யார்டில் எந்தத் தண்டவாளத்தில் ரயில் நிற்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? பழைய வழி எளிமையானது, அழகானதும்கூட. தண்டவாளத்தைத் துண்டு துண்டாக மின்காப்பு வைத்துப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் சில வோல்ட் மின்சாரம் கொடுக்கிறார்கள். அது தண்டவாளம் வழியாகவே மறுமுனைக்குப் போய் ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, தூக்கிப் பிடிக்கும். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும், ரிலே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழத்தான் செய்யும். இந்தப் பழுதுகளில் எதுவானாலும் ரயில் இருப்பதாகவே அது சொல்லும், ரயில் நிற்கும்.

இதற்கும் ஒரு எதிரி உண்டு, துரு. அதிகம் பயன்படாத தண்டவாளத்தில் துரு படிந்தால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மின்தொடர்பு கெட்டு, ரயில் நின்றும் தெரியாமல் போகலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட நம்மூர் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோக அரிப்பைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். அந்த ஊரின் ஸ்டேஷனில் நின்று துருவைப் பற்றி யோசிப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இப்போது பல இடங்களில் அச்சு எண்ணும் கருவிகள் வந்துவிட்டன. ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சு நுழைந்தது, எத்தனை வெளியேறியது என்று எண்ணும். இரண்டும் சமமானால்தான் பாதை காலி. துரு இதை ஏமாற்ற முடியாது.

இந்தத் தகவல்களையெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சிக்னலைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இன்டர்லாக்கிங். ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று இரண்டு பொத்தானை அழுத்துவார். பாதை காலியா, எல்லாப் பாயிண்டும் சரியான பக்கம் பூட்டியிருக்கின்றனவா, குறுக்கே வேறு ரயிலுக்கு வழி கொடுத்திருக்கிறதா என்று அது ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். பாயிண்ட் முனைக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பொருள் சிக்கினாலும் பூட்டு விழக் கூடாது. அதை வைத்தே அடிக்கடி சோதிப்பார்கள்.

ஆச்சியின் கேள்விக்கு மிக நெருங்கிய விதி ஒன்று உண்டு. ரயில் நிற்க வேண்டிய சிக்னலுக்கு அப்பாலும் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பிரேக் கொஞ்சம் பிந்தினாலும் மோதாமல் இருக்கத்தான் இந்த இடம். ஆனால் அந்த 120 மீட்டர் பெரும்பாலும் மறுகோடியில் இருக்கும் வாசலுக்குள்ளேயே நீளும். எனவே ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களை, ஆளுக்கொரு பிளாட்பாரம் காலியாக இருந்தாலும், ஒரே நேரத்தில் உள்ளே விட முடியாது. ஒன்று வந்து நின்ற பிறகே மற்றது. நல்ல மறுசீரமைப்பு இதற்கும் வழி செய்கிறது. பிளாட்பாரத் தடத்தின் முனையில் மணல் மூடிய ஒரு முட்டுப்பாதையைச் சேர்த்துவிட்டால், தவறி ஓடும் ரயில் வாசலுக்குள் போகாமல் மணலில் புதைந்து நிற்கும். இரண்டு ரயிலும் சேர்ந்தே உள்ளே வரலாம்.

இவ்வளவையும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பதுதான் கடினம். இரவு நேரங்களில் இரண்டு மூன்று மணி நேரம் ரயில் விடாமல் பாதையை வாங்கிக்கொண்டு பாயிண்டுகளைப் பதிப்பார்கள். பழைய இன்டர்லாக்கிங்கைக் கழற்றிவிட்டுப் புதியதை இணைக்கும் சில நாட்கள் இருக்கின்றனவே, அவைதான் மிகவும் கவனம் வேண்டிய நாட்கள். தானாகச் சரிபார்க்கும் மூளை அப்போது இல்லை. பாயிண்டைக் கையால் திருப்பி, கிளாம்ப் போட்டு, பூட்டுப் போட்டு, கொடி காட்டி ஊர்ந்து போகச் சொல்வார்கள். அந்த நாட்களில் ரயிலை ரத்து செய்தால் நமக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வந்திருக்கிறது. இப்போது வருவதில்லை.

காரணம், 2023 ஜூன் 2. ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதையில் பச்சை விழுந்திருந்தது. பாயிண்டோ பக்கத்துக் கிளைப்பாதையான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் இணைப்புகளில் முன்பு செய்த மாற்றத்தில் இருந்த தவறும், அன்று லெவல் கிராஸிங்கில் நடந்த வேலையும் சேர்ந்து இன்டர்லாக்கிங்கை ஏமாற்றிவிட்டதாக விசாரணை சொன்னது. அதனால்தான் புதிய இணைப்பு முடிந்ததும், திரையில் பாயிண்ட் காட்டும் பக்கமும் தரையில் அது உண்மையில் திரும்பியிருக்கும் பக்கமும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஆள் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த இரண்டு வழிகள் மோதுமோ அந்த இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்துக் கேட்டு, இன்டர்லாக்கிங் மறுக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

இனி அந்த இருபது நிமிஷத்துக்கு வருவோம். எங்களைக் கடந்து ஊர்ந்த சரக்கு ரயிலில் 58 வேகன் என்றால் 650 மீட்டருக்குக் குறையாது. அது வாசலைத் தாண்டவே நான்கு நிமிஷம். அது போய் முடியும்வரை எங்களுக்கும் காலிப் பிளாட்பாரத்துக்கும் நடுவே வழியே இல்லை. அது போனதும் எதிரே பாசஞ்சர் வந்துவிட்டது. அதற்கு முன்னால் தேவையான 120 மீட்டர் நாங்கள் நுழைய வேண்டிய வாசலுக்குள்ளேயே இருந்திருக்கும். அது வந்து, நின்று, பாயிண்டுகள் திரும்பிப் பூட்டிய பிறகே எங்களுக்கு மஞ்சள். அப்புறம் 15 கிலோமீட்டரில் நுழைந்தோம், அதில் இன்னொரு நான்கு நிமிஷம்.

இடம் சும்மாதான் கெடந்துச்சு ஆச்சி. வாசல்லதான் ஆளு நின்னாக.