தற்பேச்சு: குழந்தை யாரிடம் பேசுகிறது?

குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் குறிக்கும் ‘ஈகோசென்ட்ரிக் ஸ்பீச்’ என்ற ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழாக்க உட்கார்ந்ததும் ‘தன்னலப் பேச்சு’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அது தவறு. ‘ஈகோ’ இலத்தீனில் வெறும் ‘நான்’. கர்வமெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது. ‘சென்டர்’ என்பதன் வேரான கிரேக்கச் சொல் கூர்முனையைக் குறித்தது, கவராயத்தை ஊன்றுகிறோமே, அந்த முனை.

1923இல் இச்சொல்லைப் பரப்பியவர் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே. எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்ற கவலையின்றிக் குழந்தை பேசிக்கொண்டே போகும். வளர வளர அது மங்கி மறையும் என்றார். ரஷ்யாவின் லெவ் விகோத்ஸ்கி மறுத்தார்: மறையவில்லை, உள்ளே போகிறது. அவர் காட்டும் ஒரு காட்சி: ஐந்தரை வயதுச் சிறுவன் டிராம் வண்டி வரைகிறான். சக்கரம் போடும்போது பென்சில் முனை ஒடிகிறது. “உடைந்துவிட்டது” என்று முணுமுணுக்கிறான். பென்சிலை வைத்துவிட்டு, வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த டிராமை வரைகிறான்! முணுமுணுப்பே படத்தின் திசையை மாற்றிவிட்டது. இப்படித் தடங்கல் வரும்போது இந்தப் பேச்சு ஏறக்குறைய இரு மடங்காகியதையும் அவர் கண்டார்.

‘தன்மையப் பேச்சு’ என்பது சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் குழந்தை தன்னையே மையமாக வைத்துப் பேசுகிறது என்ற பியாஜேயின் தீர்ப்பு அதில் ஒட்டியிருக்கிறது. ‘தற்பேச்சு’ என்பதே என் தேர்வு. தற்பெருமை நினைவுக்கு வருமே என்பார்கள்; தற்காப்பும் தற்சார்பும் அதே வீட்டுப் பிள்ளைகள்தாம்.

அது ஒலியின்றி மனத்துக்குள் போனபின் ‘அகப்பேச்சு’. இதற்கு நம்மிடம் பழைய சொல்லாட்சியே உண்டு: குறளின் 125ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு கிளத்தல்’. கிளத்தல் என்றால் சொல்லுதல். நினைத்து ஒரு வழி சொல்லும்படி தலைவி தன் நெஞ்சையே கேட்கிறாள்.

பதின்பருவத்தில் ‘நீதி’, ‘உரிமை’ போன்ற கருத்துகளைச் சொல்லைக் கொண்டே பிடித்து யோசிக்கும் திறன் முதிர்கிறது. அதற்குள் அகப்பேச்சும் சுருங்கிவிடுகிறது. எழுவாய் உதிர்ந்து பயனிலை மட்டும் நிற்கும் என்கிறார் விகோத்ஸ்கி. நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் “வருகிறது” என்பார்களே தவிர, எது வருகிறது என்று சொல்வதில்லை. தமிழ் இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்கிறது. கணக்கு சிக்கலானால் பதினாறு வயதிலும் உதடு மெல்ல அசையத் தொடங்கலாம்.