கையால் செய்த குழந்தை ஹேர் கிளிப்: அமெரிக்கச் சட்டம் என்ன கேட்கிறது?

ஒரு சாட்டின் ரிப்பன், ஒரு கிளிப், நடுவில் பளபளக்கும் ஒரு கல். வீட்டு மேசையிலேயே செய்து முடித்துவிடக்கூடிய பொருள்தான். ஆனால் அதை அமெரிக்காவில் ஒரு குழந்தைக்கென்று விற்பனைக்கு வைத்தால், லட்சக்கணக்கில் கிளிப் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு உள்ள அதே பாதுகாப்பு வரம்புகள் அதற்கும் உண்டு. கைவினைப் பொருள் என்பதற்காக வரம்பில் எந்தத் தளர்வும் இல்லை. சிறு தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் சலுகை முழுவதும் பரிசோதனை, ஆவணம் ஆகியவற்றின் பக்கம்தான் இருக்கிறது. அந்தச் சலுகையை எவ்வளவு பயன்படுத்த முடியும் என்பதோ, ஆய்வகத்துக்குப் போவதற்கு வெகு முன்பே, மூலப்பொருள் வாங்கும் கடையிலேயே முடிவாகிவிடுகிறது.

அடிப்படைச் சட்டம் 2008 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம். இதை நடைமுறைப்படுத்துவது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். 2006-இல் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று, ஏறக்குறைய முழுவதும் ஈயத்தால் ஆன சிறு உலோகப் பதக்கத்தை விழுங்கி இறந்தது. அடுத்த ஆண்டு, ஈயம் கலந்த வண்ணப்பூச்சு காரணமாக லட்சக்கணக்கான பொம்மைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சட்டம் அந்தச் சூழலில் பிறந்தது. ஆகவே அதன் முதல் அக்கறை ஈயத்தின் மேல்.

முதலில், யார் குழந்தை? 12 வயது வரை. அந்த வயதினரை முதன்மையாக மனத்தில் வைத்து வடிவமைத்த பொருளெல்லாம் ‘குழந்தைகள் பொருள்’. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய சாதாரண கறுப்பு ரப்பர் பேண்ட் அந்த வகையில் வராது. யானைக்குட்டி ஒட்டிய டிக் டாக் கிளிப் வரும். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று அட்டையில் அச்சிட்டுத் தப்பிக்க நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் என்பதோடு, பொதி எப்படி இருக்கிறது, விளம்பரம் யாரைக் காட்டுகிறது, வாங்குகிறவர்கள் அதைப் பார்த்ததும் யாருக்கானது என்று நினைப்பார்கள் என்பதையும் ஆணையம் பார்க்கிறது. சிரிக்கும் பாப்பாவின் படத்தைப் போட்டுவிட்டுப் பெரியவர்களுக்கான பொருள் என்று வாதாட முடியாது.

ஈயம்: எதைச் சோதிக்க வேண்டும், எதை வேண்டாம்

பொருளின் தொடக்கூடிய எந்தப் பாகத்திலும் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வண்ணப்பூச்சு போன்ற மேற்பூச்சுக்கு வரம்பு இன்னும் இறுக்கம்: பத்து லட்சத்தில் 90 பங்கு. பொதுவிதி, அங்கீகரிக்கப்பட்ட மூன்றாம் தரப்பு ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்பது. கடையில் கிடைக்கும் தேய்த்துப் பார்க்கும் குச்சி இந்தக் கணக்கில் சேராது.

ஆனால் சில பொருள்களில் ஈயம் வரம்பைத் தாண்டாது என்று ஆணையமே தீர்மானித்துப் பட்டியல் போட்டிருக்கிறது. அவற்றுக்கு ஈயச் சோதனை தேவையில்லை. பருத்தி, பட்டு, கம்பளி, பாலியெஸ்டர், நைலான், ஸ்பான்டெக்ஸ் என்று துணி வகைகள் ஏறக்குறைய அனைத்தும் அதில் உண்டு, சாயம் ஏற்றியிருந்தாலும் சரி. மரம், இறகு, தோல், கிளிஞ்சல், விதை, முத்து, குறிப்பிட்ட தூய்மையுள்ள தங்கமும் வெள்ளியும், பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவையும் உண்டு. ரிப்பனும் நூலும் எலாஸ்டிக்கும் மட்டும் கொண்ட ஹேர்பேண்ட் செய்கிறவருக்கு ஈயத்தைப் பொறுத்தவரை ஆய்வகச் செலவே இல்லை என்று பொருள். இந்தப் பட்டியலைப் படிக்காமலேயே சோதனைக் கட்டணத்தை நினைத்துப் பயந்து தொழிலை விட்டவர்களும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிக்கல் அலங்காரத்தில் தொடங்குகிறது. நெய்த பிறகு துணிமேல் அச்சிட்ட படம், ஒட்டுப் படம், கிளிட்டர் பூச்சு ஆகியவை துணிக்கான விலக்கில் சேராது. கண்ணாடிக் கல்லும் கிரிஸ்டல் மணியும் அதிகச் சிக்கலானவை. கிரிஸ்டலின் மினுமினுப்புக்கு ஈயமே காரணமாக இருப்பதுண்டு. கல்லுக்கும் கண்ணாடி மணிக்கும் விலக்கு கேட்டு நகை வணிகர்கள் கொடுத்த மனுவை ஆணையம் 2009-இல் நிராகரித்துவிட்டது. ஈயம் இல்லாதது என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது, ஆய்வறிக்கை கேளுங்கள். பிளாஸ்டிக் பூ, ரெசின் பொம்மை, வெளியே தெரியும் பசை ஆகியவையும் பாகங்களாகவே எண்ணப்படும்.

உலோகக் கிளிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. மின்முலாம் பூசிய கிளிப் உலோகப் பாகமாகவே கருதப்படும், அதற்கு 100. பெயின்ட் அடித்த கிளிப்புக்கு மேற்பூச்சு விதியும் சேர்ந்துகொள்ளும், அந்தப் பூச்சுக்கு 90. கிளிப் முழுவதையும் ரிப்பனால் சுற்றிவிட்டால் உலோகம் மறைந்துவிட்டதே, தொட முடியாதே என்று கேட்கத் தோன்றும். சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. ஏதேனும் ஒரு பக்கம் 5 சென்டிமீட்டருக்குக் குறைவான பொருள் குழந்தையின் வாய்க்குள் போகும் என்பதால், அதன்மேல் சுற்றிய துணி மறைப்பாகக் கணக்கிடப்படுவதில்லை. ஹேர் கிளிப் எதுவும் இந்த அளவுக்குள்தான் இருக்கும்.

சிறு பாகங்கள்: விலக்கு இருந்தும் பொறுப்பு உண்டு

மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கான பொருளில் தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு பாகங்கள் இருக்கக் கூடாது. அளவுகோல் ஒரு சிறு உருளை: உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்ந்த அடிப்பாகம், ஆழம் 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை. எந்த நிலையில் வைத்தாலும் அழுத்தாமல் அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் ‘சிறு பாகம்’. வாங்கும்போது இருப்பது மட்டும் அல்ல, இழுத்தும் முறுக்கியும் கீழே போட்டும் சோதித்தபின் உடைந்து விழுவதும் சேரும்.

இதே விதியில் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முடியில் குத்தும் கிளிப் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சிறிதாக இருந்தால்தான் வேலை செய்யும் பொருள் என்பதே காரணம். குழந்தைகளின் ஆடையும் ஆடைத் துணைப்பொருள்களும் அதே பட்டியலில் உள்ளன. இதைப் படித்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: விலக்கு இந்த ஒரு விதியிலிருந்து மட்டுமே. கல் கழன்று குழந்தையின் வாய்க்குப் போகும் அளவுக்குப் பலவீனமாக ஒட்டப்பட்டிருந்தால் அது குறைபாடுள்ள பொருள். அப்படி ஒரு தகவல் தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கடமை தயாரிப்பாளருக்கும் விற்பவருக்கும் உண்டு. என்னைக் கேட்டால், மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பசையால் ஒட்டிய எதையும் வைக்காமல், தைத்த துணிப்பூவோடு நிறுத்திக்கொள்வேன்.

விளக்கு எரியும் கிளிப் செய்பவர்கள் பட்டன் பேட்டரி பற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். குழந்தை எளிதில் திறக்க முடியாத பேட்டரி அறை கட்டாயம். கையால் செய்கிறவர்கள் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

சிறு தயாரிப்பாளருக்கான சலுகை

2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளைப் பார்க்காமல் எல்லோரையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பியது. கைவினைஞர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2011 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. முந்தைய ஆண்டில் நுகர்வோர் பொருள்களின் மொத்த விற்பனை வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும் (பணவீக்கத்துக்கு ஏற்ப இந்த வரம்பு உயர்த்தப்படுகிறது). ஒரே பொருளை 7,500-க்கு மேல் தயாரித்திருக்கக் கூடாது. இரண்டும் பொருந்தினால் ஆணையத்தின் இணையதளத்தில் ‘சிறு தொகுதித் தயாரிப்பாளர்’ என்று பதிவு செய்யலாம். பதிவு அந்தக் காலண்டர் ஆண்டுக்கு மட்டுமே செல்லும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பதிவு செய்தால் எல்லாச் சோதனையும் போய்விடாது. விதிகளை இரு பிரிவாக வைத்திருக்கிறார்கள். வண்ணப்பூச்சு ஈயம், சிறு பாகங்கள், குழந்தைகளுக்கான உலோக நகையின் ஈயம் போன்றவை முதல் பிரிவு. இவற்றுக்கு மூன்றாம் தரப்புச் சோதனை எப்போதும் கட்டாயம். நகை அல்லாத மற்றப் பாகங்களின் மொத்த ஈய அளவு இரண்டாம் பிரிவு. இதில் வெளி ஆய்வகம் இல்லாமல், வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கு வேறு நம்பகமான ஆதாரம் வைத்துக்கொள்ளலாம். பெயின்ட் அடிக்காத கிளிப்பையும் துணியையும் கொண்டு வேலை செய்கிறவருக்கு இந்தச் சலுகை முழுமையாகப் பலிக்கிறது. ஒரு தூரிகைப் பூச்சு சேர்த்தாலே அந்தப் பூச்சுக்கு ஆய்வகம் தேவை.

சோதனை தேவைப்படும்போதும் ஒவ்வொரு வடிவத்தையும் அனுப்ப வேண்டியதில்லை. பாகம் பாகமாகச் சோதிக்க விதி இடம் தருகிறது. ஒரே பெயின்டை இருபது வடிவங்களில் பயன்படுத்தினாலும் அந்தப் பெயின்டை ஒருமுறை சோதித்தால் போதும். மூலப்பொருள் விற்பவரிடம் முறையான அறிக்கை இருந்தால், உரிய கவனத்துடன் அதையே சார்ந்திருக்கலாம். ஆனால் வேறு இடத்தில் கிளிப் வாங்கத் தொடங்கிய அன்று பழைய அறிக்கை செல்லாது.

இவ்வளவுக்கும் பிறகு, தயாரிப்பாளரே ‘குழந்தைகள் பொருள் சான்றிதழ்’ எழுத வேண்டும். அரசு தரும் சான்றிதழ் அல்ல இது. எந்தப் பொருள், எந்தெந்த விதிகள், சான்றளிப்பவர் யார், சோதனைப் பதிவுகளை வைத்திருப்பவரின் தொடர்பு விவரம், எங்கே எப்போது தயாரானது, எங்கே எப்போது சோதிக்கப்பட்டது, ஆய்வகம் எது என்று ஏழு விவரங்கள். வெளிநாட்டில் செய்த பொருளானால் இறக்குமதியாளர் இதை எழுதுவார். சோதனைப் பதிவுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பொருளிலும் பொதியிலும் தயாரிப்பாளர் பெயர், இடம், தேதி, தொகுதி எண் கொண்ட அழியாத அடையாளம் வேண்டும். கிளிப்பில் இடமில்லை என்றால் பொதியில் இருந்தால் போதும். தொகுதி எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு பை கல்லில் கோளாறு என்று தெரிந்தால், அந்தக் கல் ஒட்டிய கிளிப்புகளை மட்டும் திரும்பப் பெற அதுதான் உதவும்.

மாநிலங்களும் நாடுகளும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவின் உலோக நகைச் சட்டத்தில் முடி அணிகலனும் நகைதான். ஐரோப்பிய ஒன்றியமும் அப்படியே பார்க்கிறது: ஈயத்துக்கு 0.05 சதவீதம், உலோகப் பாகத்தில் காட்மியத்துக்கு 0.01 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா விலக்கு மறுத்த கிரிஸ்டல் கண்ணாடிக்கு அந்த ஈய விதியில் அங்கே விலக்கு இருக்கிறது. 2024 டிசம்பர் 13 முதல், ஒன்றியத்துக்குள் விற்கும் பொருளுக்கு அங்கேயே பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் தேவை. வெளியிலிருந்து அஞ்சலில் அனுப்பும் கைவினைஞர்களில் பலர் சிக்கிக்கொள்வது கல்லிலோ கிளிப்பிலோ அல்ல, இந்த முகவரியில்தான்.